காலண்டரில் நின்றவள்

வாசலில் கார் வந்து நின்றது. துணி அளக்கும் கஜக்கோலைத் துணிக்கட்டின் மேல் போட்டுவிட்டு அழகி கடை முகப்புக்கு ஓடினாள்.

அறந்தாங்கி வாடகைக் கார். புழுதி அடங்குவதற்குள் பின்கதவு திறந்தது. முதலில் ஒரு தாம்பாளம் தெரிந்தது. பூவும் பழமும் வெற்றிலையும் அதில் நிறைந்திருந்தன. பிறகு தாம்பாளத்தை ஏந்திய பிச்சையம்மாள் இறங்கினாள்.

அக்காவின் மாமியார்!

அழகி உள்ளே பாய்ந்தாள். கடைக்குப் பின்கட்டுதான் வீடு. கொல்லையில் மீனம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“அக்கா, வந்துட்டாக!”

“யாரு?”

“ஒம் மாமனார், மாமியார், ஊர்ப் பெரியவுக ரெண்டு பேரு. அப்புறம்…”

“அப்புறம்?”

“அத்தானும்!”

மீனம்மாள் பிழிந்த சேலையை மறுபடியும் பிழிந்தாள். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

இந்தத் தொடர்கதையில் இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் பழகி வருகிறவர்களுக்கு மீனம்மாளின் பிடிவாதம் தெரியும். இன்றுதான் உள்ளே காலெடுத்து வைக்கிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சோலையப்பனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மீனம்மாளை ஆவுடையார்கோவில் பக்கத்தில் வயலும் வரப்பும் உள்ள வீட்டில் கொடுத்திருந்தார். தாயார் இறந்த காரியத்துக்கு வந்தவள், காரியம் முடிந்தும் இங்கேயே தங்கிவிட்டாள். “வந்தவளுக்குத் திரும்பிப் போக வழி தெரியாதா?” என்றார் மாமனார் கண்ணுசாமி. “தாயைப் பறிகொடுத்தவளைக் கூப்பிட ஓர் ஆள் வரக்கூடாதா?” என்றாள் மீனம்மாள். அந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இளையவள் அழகிக்குப் படம் வரையக் கை வரும். அதுவும் விதவிதமான உடை உடுத்திய பெண்களின் படம். மில்லிலிருந்து வரும் துணிக்கட்டுகளில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்துத் தொடங்கிய பழக்கம் அது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த காலத்தில் ஏதோ ஒரு துரை பங்களாவைக் காலி செய்தபோது, பழைய சாமான் கடைக்கு வந்து சேர்ந்த சீமை ஃபேஷன் புத்தகம் ஒன்று அவளுக்குப் பாடப்புத்தகமாக இருந்தது. போன வருஷம் ஒரு மில், புது மோஸ்தர் உடைப் படங்களை அனுப்பும்படி விளம்பரம் செய்தது. அழகி ஒரு படம் அனுப்பினாள். இந்த 1958-ஆம் வருஷத்துக் காலண்டரில் அந்தப் படம்தான் வந்திருக்கிறது. ஓரத்தில் ‘அழகி, புதுக்கோட்டை’ என்று பெயரும் போட்டிருக்கிறது.

அந்தக் காலண்டர் சுற்றுவட்டாரம் முழுக்க ஜவுளிக்கடைகளில் தொங்குகிறது, ஆவுடையார்கோவில் கடைத்தெரு உட்பட. அதுதான் தொல்லை.

“என்னக்கா நிக்கிறே? சேலை மாத்து. அந்த அரக்குப் பட்டை எடுக்கட்டுமா?”

மீனம்மாள் சேலையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். நடையில் ஓர் அவசரம் இருந்தது. இருபத்தெட்டு வயதுக்காரி கல்யாணப் பெண்ணைப் போலக் கண்ணாடி முன்னால் நின்று நெற்றிப் பொட்டை இரண்டு முறை அழித்து வைத்தாள். அழகிக்கு அதைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கூடத்தில் சோலையப்பனின் குரல் என்றுமில்லாத உற்சாகத்தோடு கேட்டது.

“வாங்க சம்பந்தி! வாங்க! மாப்பிள்ளை, இங்கிட்டு வந்து ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. மொறையோட வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். அழகி, காப்பி கொண்டாத்தா!”

மீனம்மாள் கூடத்துக்கு வந்தபோது பிச்சையம்மாள் தானே எழுந்து வந்து அவள் தலையில் பூவைச் சூட்டினாள். “எளைச்சுப் போயிட்டியே ஆத்தா” என்றாள். அதில் நடிப்பில்லை.

மீனம்மாள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அடைக்கலம் பாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். காது ஓரத்தில் ஒன்றிரண்டு நரை. அவனும் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

காப்பி முடிந்தது. மழை பற்றியும் நெல் பற்றியும் பேசினார்கள். கண்ணுசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு தம் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்தார்.

“சம்பந்தி, நல்ல காரியம் பேசறதுக்கு முந்தி இதைக் கொஞ்சம் பாத்துரலாம்.”

தாம்பாளத்தை நகர்த்திவிட்டுப் பாயில் விரித்தார்.

காலண்டர்.

கடல்பச்சைக் கவுன் அணிந்த ஒரு பெண். தோளிலிருந்து தோளுக்குப் படகைப் போல வளைந்த கழுத்து வெட்டு. முழங்கையைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கி நின்ற சட்டைக் கை. கைப்பிடிக்குள் அடங்கும் இடுப்பு. அதற்குக் கீழே பாவாடைப் பகுதி படம் முழுவதையும் தனக்கே எடுத்துக்கொண்டதுபோல மடிப்பு மடிப்பாக விரிந்து, கெண்டைக்காலில் நின்றது. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு கை இடுப்பில் ஊன்றியிருந்தது. இந்த மாதிரி மோஸ்தர் படங்களில் பெண்களின் உடம்பு நிஜத்தைவிட நீளமாக இருக்கும். பாதங்கள் பென்சில் முனையாகக் கூர்ந்து முடியும். முகத்துக்கு நாலே கோடுதான். இதிலும் அப்படித்தான்.

ஆனால் அந்த மோவாய் மட்டும் சற்றே தூக்கி, பக்கவாட்டில் திரும்பி, ‘என்ன சொன்னீங்க?’ என்று கேட்பதுபோல இருந்தது. மீனம்மாளைத் தெரிந்தவர்கள் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும்.

“எங்க ஊர் டீக்கடையில என்ன கேக்குறாங்க தெரியுமா?” என்றார் கண்ணுசாமி. குரலை உயர்த்தவில்லை. “கண்ணுசாமி மருமக சீமைக்குப் போயிட்டாளாமேன்னு கேக்குறாங்க. துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடு வீதியில நடந்த மனுஷன் நான். இப்பக் கடைத்தெருப் பக்கம் போறதில்ல. நான் கெட்டவன் இல்ல சம்பந்தி. மருமகளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். ஆனா இது யாருன்னு எனக்குத் தெரியணும்.”

சோலையப்பனின் முகத்தில் வியர்த்தது. அவர் வாய் திறப்பதற்குள் அழகி முன்னால் வந்துவிட்டாள்.

“அது யாரும் இல்ல மாமா!”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“இந்த மாதிரிப் படத்துக்கு ஆள் நிக்க வேணாம். புத்தகத்தைப் பாத்து வரைஞ்சேன். மொகத்தைப் பாருங்க, நாலு கோடுதான் இருக்கு. கண்ணுகூடச் சரியா இல்ல. இது எப்பிடி எங்க அக்காவாகும்?”

பொய் சொல்லும்போது அழகியின் காது மடல் சிவக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி. மீனம்மாள் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணுசாமியின் தோள் தளர்ந்தது. பெரிய சுமையை இறக்கி வைத்ததுபோல மூச்சு விட்டார்.

“அப்பிடிச் சொல்லு! நானும் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். சரி, போகட்டும். மருமகளும் இந்தப் பெரியவுக ரெண்டு பேரு முன்னால ஒரு வார்த்தை, அது நான் இல்லைன்னு சொல்லிரட்டும். இவுக ஊர்ல சொல்லுவாக. இந்தக் காகிதத்தை இங்கேயே கிழிச்சுப் போட்டுட்டு, பொழுதோட கெளம்பிரலாம்.”

கூடமே மீனம்மாள் பக்கம் திரும்பியது.

“சொல்லிரும்மா” என்றார் சோலையப்பன். அது வேண்டுதல் மாதிரி இருந்தது.

இரண்டு வருஷமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். வாசலில் கார், தாம்பாளத்தில் பூ, பாயில் கணவன். எல்லாம் வந்துவிட்டன. மூன்று சொற்கள் சொன்னால் போதும். ‘அது நான் இல்லை.’

மீனம்மாள் படத்தைப் பார்த்தாள்.

அம்மா போன பிறகு அவள் செய்ததெல்லாம் குனிந்து செய்கிற வேலை. கூட்டுவது, துலக்குவது, உலை வைப்பது. கடைப்பக்கம் போனால் ‘எப்ப ஊருக்கு?’ என்று கேட்பார்களே என்று பின்கட்டிலேயே தங்கிவிட்டாள். ஒரு மத்தியானம் அழகி முரட்டுக் காடாத் துணியைக் கொண்டுவந்து அவள் இடுப்பில் கொசுவிச் சுற்றி, வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டு அங்கங்கே குத்தினாள். ‘நிமிரு’ என்றாள். ‘இன்னும் நிமிரு. யாரோ ஒன்னை அதட்டுறாங்கன்னு நெனைச்சுக்க.’

அவள் நிமிர்ந்தாள். துணி விரிந்து அறையின் பாதியை அடைத்துக்கொண்டது. எதிர்க்கண்ணாடியில் தெரிந்தவளை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. தெரிந்ததும் சிரித்தாள். ‘அசையாதே!’ என்று அழகி கத்தினாள். தாயார் இறந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

இப்போது அதை இல்லையென்று சொல்ல வேண்டும்.

“மாமா” என்றாள் மீனம்மாள். “அது நான்தான்.”

யாரோ காப்பி டம்ளரைத் தட்டிவிட்டார்கள். அது உருண்டு சுவரோரம் போய் நின்றது.

“மீனம்மா!” என்றார் சோலையப்பன்.

“தங்கச்சி என் மேல இருக்கிற பிரியத்துல பொய் சொல்றா. துணியைச் சுத்திக்கிட்டு நின்னது நான். அவ கெஞ்சிக் கூப்பிட்டு நான் நிக்கலை. புடிச்சுப்போய்த்தான் நின்னேன்.”

கண்ணுசாமியின் கண்கள் சுருங்கின. “புடிச்சுப்போயா? கால் தெரிய நிக்கிறது ஒனக்குப் புடிச்சுப்போச்சா?”

“காலு அவ வரைஞ்சது மாமா. என் காலு அவ்வளவு நீளம் இல்ல.” அவள் குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. “ஒங்க வயல்ல நாத்து நட்டப்ப முழங்காலுக்கு மேல சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு நின்னேன். வரப்புல அத்தனை ஆம்பளைகளும் நின்னாக. அன்னைக்கிப் போகாத மானம், காகிதத்துல நின்னா போயிருமா?”

வந்திருந்த பெரியவர்களில் ஒருவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

பிச்சையம்மாள் மருமகளின் கையைப் பிடித்தாள். “ஒரு வார்த்தைதானே ஆத்தா. வெறும் வாய் வார்த்தை. சொல்லிட்டு வந்துரு. நீ இல்லாம அடுப்படி வெறிச்சுன்னு கெடக்கு. நான் யாருகிட்டப் பேசுவேன்?”

இதுதான் மீனம்மாளை அசைத்தது. இந்த அம்மாள் கடிந்து பேசியதுண்டு. இவள் காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் உட்கார்ந்து நெற்றியில் பற்றுப் போட்டதும் உண்டு. மீனம்மாளின் கண் நிறைந்தது. கையை விடுவித்துக்கொள்ளாமலே சொன்னாள்.

“அத்தை, ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இன்னைக்கி இது நான் இல்லைன்னு சொல்லுவேன். நாளைக்கி வேற ஒண்ணை இல்லைன்னு சொல்லச் சொல்லுவாக. அதையும் சொல்லுவேன். இப்பிடியே ஒவ்வொண்ணா இல்லைன்னு சொல்லிட்டா, கடைசியில ஒங்க வீட்டுக்கு வாரது யாரு அத்தை?”

பிச்சையம்மாளின் பிடி தளர்ந்தது.

மீனம்மாள் கணவன் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க. அது நானா, இல்லையா?”

“அவங்கிட்ட என்ன கேள்வி?” என்றார் கண்ணுசாமி.

“அவுககிட்டத்தான் மாமா கேக்கணும். தாலி கட்டுனது அவுக.”

“மொத மொதல்ல கண்டுபிடிச்சதே அவன்தானே…” என்று பிச்சையம்மாள் தன்னை மறந்து சொல்லிவிட்டாள். “கடை வாசல்ல நின்னவன் நகரவே இல்ல. மொகத்தைப் பாத்துத் தெரியலை, நின்ன நெலையைப் பாத்துத் தெரிஞ்சுச்சுன்னான்.”

அடைக்கலம் தலை நிமிர்ந்தான். உதடு பிரிந்தது. “நான்…”

“எந்திரிடா!” என்றார் கண்ணுசாமி.

மீனம்மாள் அவனையே பார்த்தாள். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை. கலப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டமாக நடக்கிறவன். அவன் எழுந்தான். அப்பாவின் பின்னால் நடந்தான்.

தாம்பாளம் திரும்பிப் போயிற்று. கண்ணுசாமி வாசல்படியில் நின்று சொன்னார்: “சம்பந்தி, நான் வந்துட்டேன், கேட்டுட்டேன். இனிமே ஒங்க மக ஒங்க மக. என் வாசல் இந்தப் பக்கம் தெறக்காது.”

காரைச் சுற்றி வீதியே கூடியிருந்தது. பிச்சையம்மாள் கடைசியாக ஏறினாள். அவள் திரும்பிப் பார்த்தபோது மீனம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கார் போன பிறகு சோலையப்பன் மகளைத் தாண்டிக்கொண்டு நடந்தார். கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பின்கட்டில் வேறொரு சண்டை தொடங்கியது.

அழகி தன்னுடைய வர்ணப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொல்லைக் குப்பையில் கொட்டியிருந்தாள். மீனம்மாள் ஒன்றொன்றாகப் பொறுக்கினாள்.

“அதைத் தொடாதே! என்னாலதானே எல்லாம். இனிமே பென்சிலைக் கையில எடுத்தா ஏன்னு கேளு.”

“நீ எதுக்குடி பொய் சொன்னே?”

“ஒனக்காகத்தான்!”

“எனக்காக என்னையே இல்லைன்னு சொல்லுவியா?”

அழகி விசும்பலை நிறுத்தினாள். அக்காவுக்கு இவ்வளவு கோபம் வந்து அவள் பார்த்ததில்லை. மாமனார் எதிரில்கூட உயராத குரல் இப்போது உயர்ந்திருந்தது.

“நீ என்னை வரைஞ்சே. வரைஞ்சு ஒம் பேரையும் போட்டுக்கிட்டே. ஊரு பூரா தொங்குது. யாரோ ஒரு ஆளு வந்து மொறைச்சதும், அது யாருமில்ல, நாலு கோடுன்னுட்டே. நாலு கோடா நான்?”

“போயிருவியேன்னு பயந்தேன்க்கா… இல்ல, போகாம இருந்துருவியேன்னு பயந்தேன்.” அழகி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அத்தானைப் பாத்ததும் நீ ரெண்டு தரம் பொட்டு வச்சியே. அதைப் பாத்த பெறகு நான் எப்பிடி நெசத்தைச் சொல்லுவேன்?”

மீனம்மாளின் கோபம் அங்கேயே நின்றுவிட்டது. வர்ணப் பெட்டியை முந்தானையில் துடைத்துத் தங்கையின் மடியில் வைத்தாள். பச்சை வர்ணக் கட்டி மட்டும் மண்ணாகியிருந்தது. அதைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

“இன்னொரு தரம் குப்பையில போட்டே, கையை ஒடைச்சிருவேன்” என்றாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள்.

அந்தக் கடையில் அவள் உட்கார்ந்து இரண்டு வருஷமாகிறது. சோலையப்பன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். மீனம்மாள் அழகி போட்டுவிட்டுப் போன கஜக்கோலை எடுத்துக்கொண்டு முன்பலகையில் அமர்ந்தாள். வீதியில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்படிதான் அமர்ந்தாள்.

கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! துணி வாங்க வந்தவர்கள் கொஞ்சம், பார்க்க வந்தவர்கள் மிச்சம். பூப்போட்ட சீட்டித்துணியை விரலால் தடவிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார்கள். எதிர்வீட்டு முனியாயிக்குத்தான் பொறுமை போதவில்லை.

“ஏண்டி மீனம்மா, அந்தக் காலண்டர்ல இருக்கிறது நீதானாமே?”

துணியைத் தடவிய விரல்கள் நின்றன.

“நானேதான்” என்றாள் மீனம்மாள். “எத்தனை கஜம் வேணும் ஒங்களுக்கு?”

முனியாயி எதிர்பார்த்தது அழுகை. அது வரவில்லை. திரும்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள், மீனம்மாளைப் பார்த்தாள், மறுபடி காலண்டரைப் பார்த்தாள்.

“கவுன் கெடக்கட்டும். அந்தக் கழுத்து வெட்டு நல்லாத்தான் இருக்கு” என்றாள், குரலைத் தாழ்த்தி. “அது மாதிரி ரவிக்கைக்கு வைக்க முடியுமா?”

“தோளு சரிஞ்சு எறங்காத ஆளுக்கு வைக்கலாம். திரும்புங்க, பாப்போம்.”

முனியாயி திரும்பினாள். கூட்டத்தில் ஒரு சின்னப்பெண் களுக்கென்று சிரித்தாள். அதோடு இறுக்கம் விட்டுப்போயிற்று. அழகிக்கே நம்ப முடியவில்லை. அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வாழ்க்கையைக் கை நழுவ விட்டவள் சாயந்திரம் ஊராரின் தோளை அளந்துகொண்டிருக்கிறாளே!

ஆனால் அழகிக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவை துணியைக் கிழிக்கும்போதும் மீனம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ‘எந்திரிடா’ என்ற சொல்லும், உடனே எழுந்துகொண்ட அந்த முதுகும் கண்ணிலிருந்து போகவில்லை. மாமனார் சொன்னதற்கு அவளிடம் பதில் இருந்தது. அந்த முதுகுக்கு என்ன பதில் சொல்வது?

வெயில் தணிந்து, வீதியில் தண்ணீர் தெளிக்கிற நேரம். வாங்க வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். சோலையப்பன் துணிகளை மடித்து அலமாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கடை வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

மீனம்மாள் நிமிராமலே, “என்ன வேணும்?” என்றாள்.

“மீனம்மா.”

அவள் கையிலிருந்த கத்தரி பாதித் துணியில் நின்றது.

அடைக்கலம் தனியாக நின்றான். சட்டை முழுவதும் பஸ் புழுதி. கையில் ஒன்றும் இல்லை, ஒரு பைகூட இல்லை.

“அறந்தாங்கியில எறங்கிட்டேன். அப்பாகிட்டச் சொல்லிட்டுத்தான் எறங்குனேன். பஸ்ஸு புடிச்சு வாரேன்.” மூச்சு வாங்கியது அவனுக்கு. “காலையில நீ கேட்டதுக்குப் பதில் சொல்லலை. அது நீதான். எனக்குத் தெரியும். எங்க வேணாலும் சொல்லுவேன்.”

“இப்ப இங்க கேக்க யாரும் இல்ல. காலையில இருந்தாக.”

அடி நேராக விழுந்தது. அவன் தலையசைத்து வாங்கிக்கொண்டான்.

“ஆமா. காலையில சொல்லியிருக்கணும்.”

“இப்ப எதுக்கு வந்திருக்கீங்க? ஊருக்குக் கூப்பிடவா?”

“இல்ல. அங்க கதவு சாத்திட்டாக. எனக்கும் சேத்துத்தான்.” அவன் கடைப் படியைப் பார்த்தபடி சொன்னான். “நான் இங்கிட்டு இருக்கலாமான்னு கேக்க வந்தேன்.”

கதவோரத்தில் அழகி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவருவாள் என்று நினைத்தாள்.

மீனம்மாள் எழுந்தாள்; ஆனால் பலகையை விட்டு இறங்கவில்லை. கடல்பச்சைக் கவுன் இல்லை, கையுறை இல்லை. கசங்கிய நூல் சேலைதான். மோவாய் மட்டும் உயர்ந்தது.

“மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. ரெண்டு வருஷம் நான் இந்தப் பின்கட்டுல கெடந்தேன். ஒருநா எட்டிப் பாத்தீங்களா? கூப்பிட ஒரு ஆளு வரலையேன்னு எத்தனை நாளு அழுதிருப்பேன்? ஏன் வரலை?”

அடைக்கலம் குழப்பத்தோடு அவளைப் பார்த்தான்.

“வந்தேனே.”

“எப்ப?”

“ஒங்கம்மா காரியம் முடிஞ்ச அடுத்த மாசமே வந்தேன். அப்புறம் தீவாளிக்கு மறுநா வந்தேன். இதே எடத்துலதான் நின்னேன்.” அவன் பார்வை அவளைத் தாண்டி அலமாரிப் பக்கம் போயிற்று. “ஒனக்குத் தெரியாதா?”

மீனம்மாள் திரும்பினாள்.

சோலையப்பன் மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

“தனியா வந்தா அனுப்ப முடியாது, பெரியவுகளைக் கூட்டிக்கிட்டு மொறையா வாங்க மாப்பிள்ளைன்னு சொன்னாரு. எங்கப்பா வரமாட்டேன்னு நின்னுட்டாரு. நான் ரெண்டு பேருக்கும் நடுவுல…”

“நீங்க ரெண்டு தடவையும் திரும்பிப் போயிட்டீங்க.”

“போயிட்டேன்.”

“ஒரு சத்தம் குடுத்திருந்தாப் போதும். கடைக்குப் பின்னாலதானே வீடு! மீனம்மான்னு ஒரு சத்தம்!”

அவன் தலை குனிந்தான்.

மீனம்மாள் தகப்பனாரின் அருகில் போனாள். அவர் கையிலிருந்த துணியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

“அப்பா, இவுக வந்தாகளா?”

சோலையப்பன் அடுத்த துணிக்குக் கை நீட்டினார். “மரியாதைன்னு ஒண்ணு இருக்கும்மா… தாயில்லாப் பொண்ணை யாரோ வந்து இழுத்துட்டுப் போன மாதிரி…”

“வந்தாகளா, இல்லையா?”

“வந்தாரு” என்றார் சோலையப்பன்.

வீதியில் ஒரு குதிரைவண்டி போயிற்று. மீனம்மாள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். மாமனார் வந்து மானத்தைக் கேட்டார். தகப்பனார் மரியாதையைப் பார்த்தார். கணவன் இருவர் முகத்தையும் பார்த்தான். இரண்டு வருஷமாக அவளுடைய பிடிவாதம் என்று ஊர் பேசியது இதைத்தான். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அவள் அழுவாள் என்று சோலையப்பன் நினைத்தார். அடைக்கலமும் நினைத்தான்.

“அழகி!”

“என்னக்கா?”

“கடைக் கதவுப் பலகையை எடுத்துப் போடு.”

“இப்பவா? இன்னும் வெளக்குக்கூட வைக்கலையே…”

“போடுன்னா போடு. இன்னைக்கி யாவாரம் போதும்.”

இருபது வருஷத்தில் அந்தக் கடை அந்த நேரத்தில் மூடியதில்லை. சோலையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அழகி பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். வீதி வெளிச்சம் கீற்றுக் கீற்றாகக் குறைந்தது. கடைசிப் பலகைக்கு முன்னால் அடைக்கலம் படியிலேயே தயங்கி நின்றான்.

“உள்ள வாங்க” என்றாள் மீனம்மாள். “இருக்கலாமா வேணாமாங்கிறது அப்புறம். இப்ப உள்ள வந்து, அங்க எங்க அப்பா பக்கத்துல உக்காருங்க.”

அவன் உள்ளே வந்தான். கடைசிப் பலகை விழுந்தது.

சோலையப்பனும் அடைக்கலமும் துணிக்கட்டுகளின் நடுவே தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மீனம்மாள் கல்லாப் பெட்டிக்கு முன்னால் இருந்த சோலையப்பனின் முக்காலியை இழுத்துப் போட்டு, இருவருக்கும் எதிரே அமர்ந்தாள்.

“காலையில எல்லாரும் என்னைக் கேட்டீங்க. நான் சொன்னேன்” என்றாள். “இப்ப நான் கேக்குறேன். அப்பா, மொதல்ல நீங்க சொல்லுங்க.”